மைத்துனரிடம் கேட்கும் உறவுச் சான்று

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். தங்கள் நலத்தையும் தங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரின் நலத்தையும் அறிய ஆவல். ஒன்பது வருடம் பேசாதவன் திடீரென்று எழுதுகிறானே என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள். விஷயம் உங்கள் தங்கை பெற்ற பிள்ளையுடையது.

டாக்டர் படிப்பை முடித்துவிட்டு, குழந்தை மருத்துவத்தில் மேற்பயிற்சிக்கு எழுபத்திரண்டு ஆஸ்பத்திரிகளில் விண்ணப்பித்திருக்கிறாள். எங்கள் மாநிலத்தில் இருப்பது இரண்டே இடம், அதற்கு நானூறு பேர். மற்றதெல்லாம் வெளிமாநிலம். வெளிமாநிலப் பிள்ளை என்றால் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன்பே, ‘எங்கள் மாநிலத்தோடு உங்களுக்கு என்ன தொடர்பு?’ என்று படிவத்தில் கேட்கிறார்கள். காய்ச்சலில் கிடக்கும் குழந்தை அப்படிக் கேட்குமா? உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரி இங்கிருந்து பதினெட்டே கிலோமீட்டர். நடுவில் நிற்கும் மாநில எல்லைக்கல்லை, சர்வேயராக இருந்தபோது நட்டவனே நான்தான். ஒரு இருபது கிலோமீட்டர் தள்ளி நட்டிருந்தால் இவள் உள்ளூர்ப் பிள்ளையாகியிருப்பாள். தன்வினை தன்னைச் சுடுகிறது.

நேர்காணலெல்லாம் லேப்டாப்பில். நானும் சும்மா இருக்காமல், ஒவ்வொரு ஊரின் பெருமையையும் தாளில் எழுதி அவள் கண்ணுக்கு நேரே சுவரில் ஒட்டினேன். தாள் மாறிவிட்டது. மலைமேல் இருக்கும் ஊர்க்காரரிடம், “உங்க கடற்கரை எனக்கு ரொம்பப் பிடிக்கும் சார்” என்றாள். அடுத்த நேர்காணலில் தாளைச் சரிபார்க்கக் குனிந்து போனவன் வயரில் கால் மாட்டி விழுந்தேன். லேப்டாப்பும் விழுந்தது, அந்த ஆஸ்பத்திரியும் போச்சு. “நீங்க உதவி செஞ்சது போதும், வெளிய போய் உக்காருங்க” என்று உங்கள் தங்கை என்னைத் தள்ளிக் கதவைச் சாத்தினாள். இதுவரை எழுபத்தோரு இடத்திலிருந்து ‘வருந்துகிறோம்’ வந்துவிட்டது. மிச்சம் உங்கள் ஊர் ஒன்றுதான். வியாழக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் போனால் ஒரு வருடம் வீண். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை.

ஆகவே, ‘இவள் என் வீட்டில் வளர்ந்தவள்’ என்று ஒரு சான்று எழுதித் தாருங்கள். பொய்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது வருடத்துக்கு முன்பு உங்கள் புது வீட்டைப் பார்க்க வந்த அன்று, விருந்தாளிகள் முன்னால் டேப்பை நீட்டி, “சுவர் அரை அடி பக்கத்து மனைல நிக்குதே” என்று சொன்னது என் தப்பு. அளவு தப்பில்லை, சொன்ன இடம் தப்பு.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, சுவருக்கு நீண்ட ஆயுள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். மகள் கடிதத்தைப் படித்துவிட்டாள். சிரித்து முடிக்கவே கால்மணி நேரமானது. ஆறு வருடமாக விடுமுறைக்கெல்லாம் ‘ஹாஸ்டல்லயே இருந்து படிக்கிறேன்’ என்றவள், உங்கள் வீட்டு மாடியறையில்தான் படித்தாளாம். உங்கள் தங்கைக்கும் தெரியுமாம். உங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போட்ட விண்ணப்பத்தில் முதல் வரியே அதுதானாம். “எனக்குச் சான்று வேணாம்ப்பா. நம்ம வீட்டுல அந்த மாநிலத்தோட தொடர்பே இல்லாத ஒரே ஆளு நீங்கதான்” என்கிறாள்.

மச்சான், சான்றை எனக்கு எழுதிக் கொடுங்கள். வியாழக்கிழமை அவளை நானே கூட்டி வருகிறேன். டேப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.