சிஜினின் பதினோரு பைத்தான் புத்தகங்கள்

வழி தவறி இராஜாக்கமங்கலத்துக்குப் போன புத்தகப் பொட்டலத்தைக் கொட்டும் மழையில் பைக்கில் விரட்டிப்போய் மீட்டவன். நாகர்கோவில் புத்தகக் கண்காட்சியில் ஒரு பேராசிரியரின் கை நீளுமுன் கடைசிப் பிரதியை எடுத்தவன். மூன்றாம் பதிப்பைத் திருப்பியனுப்பி, போனில் நான்கு நாள் சண்டை போட்டு நான்காம் பதிப்பையே வரவழைத்தவன். இத்தனையும் வென்ற நெய்யூர் சிஜின், புத்தகம் தேர்வோர் என்னும் இனத்தைச் சேர்ந்தவன். பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்க இந்த இனம் ஆசைப்படும். எந்தப் புத்தகம் நல்லது என்று விசாரிக்கும். விசாரித்துக்கொண்டே இருக்கும்.

அக்காள் ஜெஸ்பினுக்கு அதில் பெருமைதான். பத்தாம் வகுப்போடு தையல் மெஷினில் உட்கார்ந்தவள், பதினோரு புத்தகங்களுக்கும் ஓரம் பிசகாமல் பிரவுன் தாள் அட்டை போட்டு, நம்பர் எழுதிய லேபிள் ஒட்டினாள். சிஜின் முதல் பக்கத்தில் தேதியோடு கையெழுத்திடுவான். இரண்டாம் பக்கம்? அதற்குள் அடுத்த புத்தகம் வந்துவிடும்.

2025 ஆகஸ்டில் ஆரல்வாய்மொழிக் காற்றாலை அலுவலகம் ஒன்றில் வேலைக்குத் தேர்வு. சின்னதாய் ஒரு புரோகிராம் எழுதிக் காட்ட வேண்டும். கிடைக்காவிட்டால் சிஜின் மாமாவோடு மஸ்கட்டுக்கு விமானம் ஏற வேண்டியதுதான். ஜெஸ்பினுக்கு அது மட்டும் பிடிக்கவில்லை.

"ஏலே மக்கா, படிக்கத் தொடங்கினியா?"

"எப்பிடிக்கா? ஏழாம் நம்பர் ரொம்ப ஆழம். ஒம்பதுல பயிற்சி காணாது. பன்னெண்டாவது ஒண்ணு வருது, அதாக்கும் சரியான புக்கு."

"அப்போ ஒண்ணாம் நம்பர்?"

"அது சின்னப் புள்ளைகளுக்குள்ளது. எதிர்வீட்டு பிரைட்டன் கேட்டாம்லா, குடுத்து விடு."

தேர்வில் சிஜின் வெறும் திரையைப் பார்த்தபடி இருந்தான். பிறகு, பதினோரு புத்தகங்களின் நிறைகுறைகளை அதிகாரிகளுக்கு அரைமணி நேரம் விளக்கினான். அவர்கள் அக்கறையாகக் குறித்துக்கொண்டார்கள். வேலையை, அதே தேர்வுக்கு வந்திருந்த பிரைட்டனுக்குக் கொடுத்தார்கள்.

பிரைட்டன் திருப்பித் தந்த புத்தகத்தில் அட்டை கிழிந்திருந்தது, சாயாக் கறை, பக்கமெல்லாம் பென்சில்.

"நாசமாக்கிப் போட்டானே!" சிஜின் பதறினான். "புது அட்டை போடுக்கா."

"போட மாட்டேன். படிச்ச புக்கு எப்பிடி இருக்கும்னு நீயும் பாக்காண்டாமா?"

மஸ்கட் பெட்டியில் அவள் வைத்தது அந்த ஒன்றை மட்டும்தான்.

சிரிக்கிறீர்களா? உங்கள் அலமாரியிலும் ஒன்றை உருவி, பெயரெழுதிய பக்கத்துக்கு அடுத்த பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். தேதியையும் பாருங்கள். அந்த ஒன்றாம் நம்பரில் சிஜின் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள்: 14.6.2019.