நாட்டைச் சுருக்கிச் சட்டை முதுகில் அடித்தது பற்றி

லிங்கி, கீழ் டிவிஷன்
வியாழக்கிழமை

மதிப்பும் மரியாதையும் மிகுந்த லோபாக் மச்சான் அர்ச்சுனன் அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி தனலெட்சுமியைக் கட்டிக்கொண்ட சுகுமாறன் கும்பிட்டு எழுதுவது. இங்கே நான், தனம், கோழிகள் எல்லாரும் சுகம். அங்கே நீங்கள், அக்கா, மருமகள் ஷாமினி, சட்டையில் எழுத்து அடிக்கும் மெஷின் எல்லாரும் சுகமாக இருக்கத் தோட்டத்து மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என்னை வாட்ஸப்பில் பிளாக் பண்ணியது எனக்கு நோன்புப் பெருநாள் சமயம்தான் தெரிந்தது. ஆனால் பண்ணியது தைப்பூசத்துக்கு முன்னாலேயே என்று தனம் சொல்கிறாள். நடுவில் இருந்த காலம் பூராவும் நான் தினமும் உங்களுக்குக் காலை வணக்கம், ஒரு பூப்படம், ஒரு ஜோக்கு என்று அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒத்தை டிக்கோடு நிற்கிறதைப் பார்த்து, லோபாக்கில் லைன் சரியில்லை, பாவம் மச்சான் பொழுது போகாமல் கிடப்பார் என்று பரிதாபப்பட்டு, இன்னும் ரெண்டு ஜோக்கு கூடுதலாக அனுப்பினேன். கோபமில்லை மச்சான். அதனால்தான் கடிதம். கடிதத்தை பிளாக் பண்ண முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன்னால் படித்துவிடுங்கள், ஏனென்றால் சனிக்கிழமைக்குள் நீங்கள் எனக்கு வேறு சட்டை அடித்துத் தராவிட்டால் எனக்கு ஒரு ஆள் இல்லாமல் போய்விடுவார்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திர நாள். வருசா வருசம் அன்றைக்குத் தோட்டத்தில் கயிறு இழுக்கும் போட்டி, எங்கள் கீழ் டிவிஷனுக்கும் மேல் டிவிஷனுக்கும். அங்கே ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் திருநாவுக்கரசு, நான் அவரை நாக்கு என்று கூப்பிடுவேன், அவருக்குப் பிடிக்காது, அதனாலேயே கூப்பிடுவேன். இங்கே மண்டோர் நான். நம் ஆட்கள் எல்லாம் ராசா பக்கமும் சிரம்பான் டவுனுக்கும் போய் வீடு வாங்கிவிட்டார்கள், கயிற்றைப் பிடிக்க நானும் லோரி ஓட்டுகிற வீரமுத்துவும்தான் மிச்சம். மற்ற எல்லாரும் செம்பனைப் பழம் வெட்டுகிற வெளிநாட்டு ஆட்கள். அவர்களில் கயிற்றின் கடைசியில் உடம்பில் சுற்றிக்கொண்டு நிற்கிறவர் சுத்ரிஸ்னோ, இந்தோனேசியாவிலிருந்து வந்த ஜாவாக்காரர். செம்பனை மரம் மாதிரி நிற்பார், அசைக்க முடியாது. ஷாமினி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருசத்திலிருந்து என்னோடு வேலை செய்கிறார். தீபாவளிக்கு வந்தால் முறுக்கு டின்னை மூட வேலையில்லாமல் காலி பண்ணிவிட்டுத்தான் போவார். முக்கியமாக, நான் ஜோக்கு சொன்னால் முடிகிற வரை காத்திருந்து சிரிக்கிற ஆள் இந்தத் தோட்டத்தில் அவர் ஒருத்தர்தான். மற்றவர்கள் பாதியிலேயே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இந்த வருசம் ஜோராக இருக்கட்டும் என்று நான்தான் உங்கள் கடைக்கு வந்து சட்டை அடிக்கச் சொன்னேன். நீங்கள் உள்ளே இருந்தீர்கள், இருந்தும் வெளியே வரவில்லை, அது போகட்டும். முதுகில் ஆளுக்கொரு பட்டப்பேர் போடச் சொன்னேன். எனக்கு மண்டோர், வீரமுத்துவுக்கு வீரு, சுத்ரிஸ்னோவுக்கு இந்தோன், பங்களாதேஷ்கார ரஃபீக்குலுக்கு பங்களா, இப்படியே. ஷாமினி அப்போதே சொன்னாள். "மாமா, இந்தோன்னு போடாதீங்க. அவங்களுக்கு அது பிடிக்காது." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முழு நாட்டையும் அடிச்சா ரெண்டு தோளையும் தாண்டிப் போயிடும்மா, நீ அடி லா." அவள் என்னைப் பார்த்த பார்வையை அப்போது நான் எழுத்து அளவு பார்க்கிறாள் என்று நினைத்துவிட்டேன். நான் ஆறாம் வகுப்பைத் தாண்டி ரிமூவ் கிளாசோடு படிப்பை நிறுத்தினவன், எனக்குத் தெரியாது, சரி. நீங்கள் ஐந்தாம் பாரம் வரை பள்ளிப் படிப்பை முழுசாக பாஸ் பண்ணினவர், உள்ளே இருந்தபடியே ஒரு குரல் கொடுத்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுத்த கையோடு, எல்லாருக்கும் சட்டையை நானே கொடுத்தேன். வீரமுத்து அங்கேயே மாட்டிக்கொண்டான். ரஃபீக்குல் முதுகைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தான், ஆனால் சிரிப்பு பாதியில் வழி தெரியாமல் நின்றுவிட்டது. சுத்ரிஸ்னோ சட்டையை விரித்தார். படித்தார். திரும்ப மடித்தார். கடையில் மடிக்கிற மாதிரி, கையை உள்ளே விட்டு, காலரை நிமிர்த்தி, அவ்வளவு நேர்த்தி. மடித்து என் மோட்டார் சீட்டில் வைத்துவிட்டு, கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மலைக்காட்டுக்குப் போய்விட்டார். தூக்கி எறிந்திருந்தால் நான் எதையாவது சொல்லிச் சிரித்துச் சமாளித்திருப்பேன் மச்சான். மடித்து வைத்தால் என்ன செய்வது? மறுநாள் ஆபீஸ் கிராணி கூப்பிட்டுச் சொல்கிறார், சுத்ரிஸ்னோ மேல் டிவிஷனுக்கு மாற்றல் கேட்டிருக்கிறார், கொடுத்தாச்சு என்று. நாக்கின் டிவிஷனுக்கு!

அன்று சாயங்காலமே அவர் ரூமுக்கு ஓடினேன். துணி மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். மனுசன் எதையும் மடிக்காமல் இருக்க மாட்டார் போல. நான் மலாயில் ஆரம்பித்தேன், தமிழில் முடித்தேன், அவருக்கு ரெண்டும் புரியும். நேரில் அவரை பாக் என்றுதான் கூப்பிடுவேன், நம்ம ஐயா மாதிரி. "என்ன பாக், ஒரு வார்த்தைக்கா இப்படி? சுருக்கித்தானே சொன்னேன். வீரமுத்துவை வீரு என்கிறேன், என் பெண்டாட்டியைத் தனம் என்கிறேன். சுருக்கினா பாசம் லா."

அவர் பெட்டியை மூடிவிட்டுச் சொன்னார். "மண்டோர், எங்காளு ஒருத்தன் திருடிப் பிடிபட்டா, ஊரே என்ன சொல்லுது? இந்தோன் பிடிபட்டான். எங்காளு ஒருத்தன் நல்லா வீடு கட்டிக் கொடுத்தா என்ன சொல்லுது? கொன்ட்ராக்டர் கட்டினார். நல்லதுக்கு ஒரு நாளும் அந்தப் பேர் எங்களுக்கு வந்ததில்ல. அதைப் போட்டுக்கிட்டு நான் கொடிக்குக் கீழ நின்னு கயிறு இழுக்கணுமா?"

நான் விடவில்லை. "அது பழைய வார்த்தை பாக், நாங்க சின்னப் பிள்ளையில இருந்து சொல்றது, மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டுச் சொல்றதில்ல" என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு நினைவு வந்துவிட்டது மச்சான், இதே பேச்சை நான் முன்னால் கேட்டிருந்தேன். போன வருசம் டயர் மாற்ற ஒரு கடைக்குப் போனபோது அந்தக் கடைக்காரர் நம்மளைச் சொல்வார்களே ஒரு வார்த்தை, அந்த வார்த்தையைச் சொல்லி, கொஞ்சம் தள்ளி நில்லு என்றார். நான் சண்டைக்கு ஏறிக்கொண்டு போனேன். அவர் சிரித்துக்கொண்டே, "பழைய வார்த்தை லா, எங்க தாத்தா காலத்துல இருந்து சொல்றது, மனசுல ஒண்ணும் இல்ல" என்றார். பழைய டயரையே திரும்பப் பூட்டச் சொல்லிவிட்டு வந்தவன் நான். அந்த டயர் ரெண்டு நாளில் வெடித்தது, அது வேறு கதை. இப்போது அந்தக் கடைக்காரர் வாயை யாரோ கழற்றி என் முகத்தில் பூட்டின மாதிரி இருந்தது. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியதுதான். வாயைத் திறந்தேன், "மேல் டிவிஷன்ல கொசு அதிகம் பாக்" என்று வந்தது. என் வாய் அப்படி. துக்க வீட்டில்கூட என்னைப் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார விடமாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். அவர் சிரிக்கவில்லை. முதல் தடவையாகச் சிரிக்கவில்லை.

அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தையே அடுப்பு மேடையில் வைத்து நின்றுகொண்டுதான் எழுதுகிறேன், எழுத்து சாய்ந்திருந்தால் அதுதான் காரணம். வரப்பில் ரஃபீக்குலைப் பிடித்துக் கேட்டேன், உனக்கும் கோபமா என்று. அவன் யோசித்துச் சொல்கிறான், "பங்களா நல்ல வார்த்தை பாஸ், எங்க மொழி பேரு. நீங்க முன்னாடி 'ஓய்' போடுறீங்களே, அதுதான்." அப்படியானால் ஒருத்தருக்கு வார்த்தை வலிக்கிறது, இன்னொருத்தருக்கு ஓய் வலிக்கிறது. ஜப்பான்காரரை ஜப்பான் என்றால் வலிக்குமா? இதற்கெல்லாம் ஒரு பட்டியல் போட்டுக் கவர்மெண்டு ஒட்டி வைக்கக்கூடாதா? இப்படிப் புலம்பிக்கொண்டு நடந்தபோது உங்கள் தங்கச்சி கரண்டியோடு திரும்பினாள். "இதுக்கு எதுக்குங்க கவர்மெண்டு? தனம்னு கூப்பிட்டா சோறு போடுறேன். பொறந்த ஊரை வச்சு 'ஓய் லோபாக்'னு ஒரு தரம் கூப்பிட்டுப் பாருங்க." நான் கூப்பிட்டுப் பார்க்கவில்லை மச்சான். கரண்டி சூடாக இருந்தது.

ஆகவே நான் முடிவு பண்ணியது என்னவென்றால், இனி நாட்டைச் சுருக்குவதில்லை. யார் சுருக்கினாலும் தப்பு, எந்த நாடாக இருந்தாலும் தப்பு, பாசமாகச் சொன்னாலும் தப்பு. வாயால் மன்னிப்புக் கேட்க எனக்கு வராததால் சட்டையால் கேட்கப் போகிறேன். அதே அளவில் புதுச் சட்டைகள், முதுகில் அவரவர் அப்பா அம்மா வைத்த முழுப்பேர். சுத்ரிஸ்னோவுக்கு முன்னால் பாக் என்று மரியாதையும் சேர்த்து அடியுங்கள், தோளைத் தாண்டிப் போனால் கையிலும் அடியுங்கள். வீரமுத்து நாளைக்கு லோரியில் சிரம்பான் வருகிறான், கடிதத்தை அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன், சனிக்கிழமை அவனே வந்து வாங்கிக்கொள்வான். ஷாமினியிடம், மாமாவுக்கு இப்போது எழுத்து அளவு புரிந்துவிட்டது என்று சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், மருமகளுக்கு என் ஆசீர்வாதம், மெஷினுக்குத் தடையில்லாத கரண்டு. நீங்கள் பல்லாண்டு வாழ்ந்து என்றைக்காவது அந்த பிளாக்கை எடுக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அன்பு மச்சான்,
சுகுமாறன்

பின்குறிப்பு, செவ்வாய்க்கிழமை: வீரமுத்து இந்தக் கடிதத்தை லோரியில் வெயில் மறைப்புக்குப் பின்னால் சொருகிவிட்டு மறந்துபோய் இன்றைக்குத்தான் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். அதனால் மேலே எழுதியதை எழுதாததாக வைத்துக்கொள்ளுங்கள். போட்டி முடிந்துவிட்டது. ரஃபீக்குல் சொன்ன யோசனைப்படி நாங்கள் பழைய சட்டையையே உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு இறங்கினோம். கயிற்றின் எங்கள் கடைசியில் நான். அந்தக் கடைசியில் சுத்ரிஸ்னோ, நேர் எதிரே. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. ஒரு கையைத் தூக்கி, அத்தனை பேர் முன்னாலும், "பாக் சுத்ரிஸ்னோ! மிந்தா மாஃப்! மன்னிச்சிடுங்க! அந்த வார்த்தை இனி என் வாயில் வராது!" என்று கத்தினேன். ஜோக்கு ஒன்றும் கலக்காமல் வந்தது, எனக்கே ஆச்சரியம். தூக்கின கையைப் பார்த்த மேனேஜர் நாங்கள் தயார் என்று நினைத்து விசில் ஊதிவிட்டார். மற்ற கையால் எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்? சேற்றில் வயிறு உரச இழுபட்டுப் போய் அவர் காலடியில் நின்றேன். அவர் குனிந்து என்னைத் தூக்கினார். "எழுந்திரு, மலோன்" என்றார்.

அது என்ன பாக் என்றேன். "மலேசியாக்காரங்க மேல கோபம் வந்தா எங்க ஊர்ல அப்படித்தான் சுருக்குவோம். ஒனக்கு மட்டும்தான் சுருக்கத் தெரியுமா?" என்று சிரித்தார். முழுசாக, கடைசி வரை. மச்சான், நான் இந்த மண்ணில் பிறந்தவன், குடிமகனுக்குக் கொடுக்கிற நீல ஐசி வைத்திருக்கிறவன், எனக்கு இங்கே எத்தனையோ பேர் வைத்திருக்கிறார்கள், இந்தியாவுக்குக் கப்பல் ஏறச் சொல்லி வழி காட்டினவர்களும் உண்டு. ஆனால் மலேசியாக்காரன் என்று என்னைத் திட்டின முதல் ஆள் இவர்தான். மெர்டேக்கா அன்றைக்கு, கொடிக்குக் கீழே. கோபப்பட வேண்டும் என்று தெரிகிறது, வரமாட்டேன் என்கிறது. "இன்னொரு தரம் சொல்லுங்க பாக்" என்றேன். "மாட்டேன், அது கெட்ட வார்த்தை" என்கிறார். இன்று காலைப் பெரட்டில் எங்கள் வரிசையில் வந்து நின்றார். கிராணிக்கு இன்னும் தெரியாது.

ஆகவே முழுப்பேர்ச் சட்டைகள் வேண்டாம். ஒன்றே ஒன்று அடியுங்கள், என் அளவுக்கு, முதுகில் பெரிதாக மலோன் என்று. ஷாமினி கூடாது என்பாள். நீ அடி லா என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. இழுபட்டபோது நான் போய்ச் சேர்ந்த இடத்துக்கும் என் கால்சட்டை போய்ச் சேர்ந்த இடத்துக்கும் நடுவில் கொஞ்சம் தூரம் இருந்தது. மேனேஜர் சம்சாரம் படம் எடுத்திருக்கிறார். அதை ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கீழே சுகுமாறன் த/பெ முருகையா, மண்டோர், கீழ் டிவிஷன் என்று, ஒரு எழுத்தும் சுருக்காமல் போட்டிருக்கிறார்கள்.