திண்டில் தேநீர் சிந்திய படலம்

வாழ்க எங்கள் தலைவன்! கார் ஓட்டப் பழகுவோர் பக்கத்தில் நாள்தோறும் அமர்ந்து, லாரிகள் எதிர்வரினும் இமை கொட்டாதோன், பிரேக்கின் மேல் வைத்த கால் எடாதோன், மனையாளின் ஓரப் பார்வைக்கு மட்டுமே ஒடுங்கும் மாவீரன் வாழ்க!

அன்னவன் ஞாயிறு நண்பகலில் சோபாவில் சாய்ந்து கால்பந்தாட்டம் கண்டிருந்த வேளை, எதிரணி கோல் போட, அவன் துள்ளி எழ, கோப்பை கவிழ, கொதிநீர்ப் பெருவெள்ளமாய்த் தேநீர் வெண்பட்டுத் திண்டின்மேல் பாய்ந்தது. அத்திண்டோ அவன் தமக்கை கண் வலிக்க வலிக்க இருபுறமும் கிளிகள் தைத்து, உறையைக் கழற்ற வழியின்றித் தைத்தே மூடித் தந்தது. வரும்போதெல்லாம் அதைத் தடவிப் பார்த்துப் பூரித்துப்போவாள். அன்று மாலையும் வருகிறாள். கறையைக் கண்டால் அழுவாள். கூடப் பிறந்தவள் அழுதால் அவனுக்குத் தாங்காது.

"ஏ கறையே! மாலைக்குள் உன்னைப் பூண்டோடு அழிக்காவிடில் இனி ஸ்டியரிங்கைத் தொடேன்!" என்று வஞ்சினம் உரைத்தான். அவன் தொழிலில் அதைத் தொடுபவர் பிறரே என்பதை நாம் பெரிதுபடுத்த வேண்டாம்.

திண்டை உணவு மேசையில் கிடத்தித் தண்ணீர்ப்படையை ஏவினான். பதமாய் ஒற்ற வேண்டிய பட்டுத்துணியை வீரம் மிகுந்து பரபரவெனத் தேய்க்கவே, உள்ளங்கையளவு இருந்த கறை சாப்பாட்டுத் தட்டளவு விரிந்தது. வினிகர் வார்த்தான், வெளுப்பதுபோல் போக்குக் காட்டி மஞ்சளாய்ப் பழுத்தது. சமையல் சோடா தூவினான். நுரைத்துப் பொங்கி அடங்கியது, கறை அடங்கவில்லை. ஆனது ஆகட்டுமென்று வெந்நீரை ஊற்றினான், அந்தோ, கறை நிரந்தரமாய்க் குடியேறியது!

தோள் சோர்ந்து நின்ற அக்கணத்தில் பேரறிவு உதித்தது. மறுபுறம் என்றொன்று உண்டே! மலைபெயர்ப்பான் போல் இரு கையாலும் திண்டைத் தூக்கினான்.

"என்னங்க, அதத் திருப்பாதீங்க!" என்று அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள் மனையாள்.

திருப்பிவிட்டான். அங்கே கிளியின் கழுத்தைச் சுற்றி, செங்குருதி தோற்கும் செந்நிறத்தில், காய்ந்து இறுகிய நகப்பூச்சு.

"போன வருஷமே கொட்டிட்டேன்," என்றாள் மெதுவாக. "தேய்க்காத மருந்தில்ல. அக்கா மனசு கஷ்டப்படுமேன்னு திருப்பிப் போட்டுட்டேன்."

அவன் திண்டைப் புரட்டித் தன் கறைப் பக்கத்தைக் காட்டினான். இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாசல் மணி ஒலித்தது.

சிரிப்பை விழுங்கிய மனையாள், ஈரத் திண்டைச் சோபாவில் எறிந்து, கைநீட்டிப் பேராணை பிறப்பித்தாள்: "உக்காருங்க அதுமேல! அக்கா போறவரைக்கும் எந்திரிக்கக் கூடாது!"

வினிகரும் சோடாவும் கலந்த வெள்ளம் காற்சட்டையை ஊடுருவி உட்புக, லாரிக்கும் அஞ்சா அம்மாவீரன், அரியணை ஏறிய அரசன்போல் நிமிர்ந்து அமர்ந்து, இன்முகம் காட்டித் தமக்கையை வரவேற்றான்.

அக்கா ராத்திரி சாப்பாட்டையும் முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள்.