சனிக்கிழமைச் சைரனும் மூன்று ஹெல்மெட்டும்

டன்லப் ஸ்பிரிங்ஸ், ஓக்லஹோமா
நவம்பர் 17

மதிப்பிற்குரிய மச்சான் வெர்னன் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் டுவைட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஹேவர்டில் தாங்களும் ரோவீனா அக்காவும் தங்கள் இடது முழங்காலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் லோரீனும் மகள் கேஸியும் பூனையும் நலம். பூனை மூன்று பவுண்டு கூடியிருக்கிறது. நானும் கூடியிருக்கிறேன், எத்தனை என்று கேட்க வேண்டாம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் வீட்டு ஓனரும் வாடகையை ஏற்றிவிட்டார் என்று அறிந்து வருந்தினேன். "நாங்களும் கலிபோர்னியாவை விட்டு அங்கே வந்துவிடலாமா, உண்மையைச் சொல், கதவு விற்கிறவன் மாதிரிப் பேசாதே" என்று கேட்டிருந்தீர்கள். நான் கராஜ் கதவு விற்கிறவன் இல்லை, பழுது பார்க்கிறவன். ஆகவே உண்மையைச் சொல்கிறேன். தொலைபேசியில் சொன்னால் லோரீன் பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துவாள் என்பதால் கையால் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பில் என் கட்டுரையைப் படித்த டீச்சர், முற்றுப்புள்ளி என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டார். இன்றுவரை அதோடு எனக்கு அவ்வளவு பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளவும்.

நாங்கள் கிளம்பிய காரணம் தங்களுக்குத் தெரிந்ததே. இரண்டு படுக்கையறைக்கு மூவாயிரத்து நானூறு டாலர் கொடுத்துக்கொண்டிருந்தோம், அதை மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ஆக்கிக் காகிதம் வந்தது, இனிமேல் ஒன்று சாப்பிடலாம் அல்லது வேலைக்குப் போகப் பெட்ரோல் போடலாம் என்ற நிலைமை, அப்போதுதான் இந்த வீட்டின் படத்தை நான் பார்த்தேன், மூன்று படுக்கையறை, தோட்டம், பீக்கன் கொட்டை மரம், மாதம் ஆயிரத்து நூற்றைம்பது. ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது என்று நான் நினைத்தேன். தரை விட்டுப்போயிருக்கும் என்று லோரீன் நினைத்தாள். கிளம்பிய அன்று அவள் என்னிடம் சொன்னதைத் தாங்களும் கேட்டீர்கள், கேட்காத மாதிரி மேஜை விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றீர்கள். "வர்றேன். ஆனா நவம்பர்ல நன்றி நாள் வான்கோழி விருந்து வரைக்கும்தான். அதுக்குள்ள அந்த ஊர்ல 'லோரீன் வரலையா'ன்னு கேக்க ஒரு ஆள் இல்லைன்னா நான் திரும்பிடுவேன் டுவைட். நீ வந்தாலும் சரி, வராட்டியும் சரி." இருபது வருஷத்தில் அவள் சொன்னதைச் செய்யாமல் விட்டதில்லை. என்னைக் கல்யாணம் செய்துகொள்ளாதே என்று தாங்கள் சொன்னபோதே அது தங்களுக்குத் தெரிந்திருக்கும்.

முதல் அடி லாரியில் விழுந்தது. வாடகை லாரிக் கடையில், ஹேவர்டிலிருந்து இங்கே வர நாலாயிரத்து எண்ணூறு என்றார்கள். இங்கிருந்து ஹேவர்டுக்கு அதே லாரி தொள்ளாயிரம். எல்லோரும் வெளியே போகிறார்களே தவிர உள்ளே வருகிறவன் யாருமில்லை, லாரிகளெல்லாம் வெளியூரில் போய்க் கிடக்கின்றன என்று அங்கிருந்த பெண் விளக்கினாள். அப்படியானால் அங்கிருந்து இங்கே வருவதாக எழுதிக்கொள், ரிவர்ஸிலேயே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒன்பது பேர் அதையே சொல்வார்கள் போலிருக்கிறது. செலவு குறைய ஒரு அளவு சின்ன லாரி எடுத்தேன், அதனால் சோபா தெருவோரத்தில் நின்றது, "இலவசம்" என்று நானே அட்டையில் எழுதி வைத்தேன். அரிசோனா முடியும்வரை லோரீன் என்னோடு பேசவில்லை. நியூ மெக்சிகோவில் "தண்ணி" என்றாள். அதை நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன்.

இங்கே வந்து சேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மளிகைக் கடை வாசலில், லாரிக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்த எங்கள் காரின் நம்பர் பிளேட்டைப் பார்த்தவர்கள், "கலிபோர்னியாவா?" என்று, டாக்டர் என்ன சொன்னார் என்று விசாரிக்கிற குரலில் கேட்டார்கள். அன்று சாயங்காலமே முன்பக்கப் பிளேட்டைக் கழற்றிவிட்டேன், பின்பக்கத்தை மறைக்க எங்கே போனாலும் வண்டியைப் பின்னுக்கே ஓட்டிச் சுவரோடு ஒட்டி நிறுத்தினேன். பக்கத்து வீட்டு ஹாய்ட் பெட்டிட் என்ற பெரியவர் மூன்று நாள் இதைப் பார்த்துவிட்டு நாலாம் நாள் வேலியருகே வந்து, "ஏன் தம்பி, பேங்க் பக்கம் ஏதாவது போயிட்டு வந்தியா? வண்டி எப்பவும் ஓடிப்போகத் தயாரா நிக்குதே" என்றார். அவர் மனைவி டார்லா நல்ல மனுஷி. அவர்கள் தோட்டத்து நிலவறையைக் காட்டி, சூறாவளிச் சைரன் கேட்டால் யாரையும் கேட்க வேண்டாம், நேராக இறங்கிவிடுங்கள் என்று சொல்லியிருந்தாள். அந்த ஒரு சொல்லை லோரீன் வேதமாகப் பிடித்துக்கொண்டாள். மூன்று சைக்கிள் ஹெல்மெட், ஒரு விசில், ஒரு பை, பூனைக் கூடை, எல்லாம் வாசல் கதவருகே வரிசையாக வந்து உட்கார்ந்துவிட்டன.

வந்த முதல் சனிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி, சைரன் ஊதியது. மச்சான், நான் பிறந்ததிலிருந்து கலிபோர்னியாக்காரன், பள்ளிக்கூடத்தில் மாதத்துக்கொரு முறை நிலநடுக்கப் பயிற்சி எடுத்தவன், என் மூளைக்குத் தகவல் போகுமுன் என் உடம்பு சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய்விட்டது. பக்கத்தில் பார்த்தால் லோரீன். அந்தப் பக்கம் கேஸி. மூன்று பேரும் ஆளுக்கொரு மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். கேஸிதான், "அப்பா, இது நிலநடுக்கம் இல்ல" என்றாள். அதற்கப்புறம் ஓடினோம். ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, பூனையைத் தூக்கிக்கொண்டு, வேலியைச் சுற்றிப் போகாமல் வேலியைத் தாண்டி, என் பேண்ட் அந்த வேலியில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது, நிலவறையில் இறங்கி உள்பக்கம் தாழ் போட்டோம். வானத்தில் ஒரு மேகமில்லை என்பதை நாங்கள் யாருமே பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் அதையே ஆபத்து என்று நினைத்திருப்போம். கொஞ்ச நேரத்தில் சைரன் நின்றது. இதுதான் மோசமான கட்டம் என்றேன் நான், எந்த ஆதாரமும் இல்லாமல். கீழே தொலைபேசிக்கு சிக்னல் கிடையாது. இரண்டு மணி நேரம் டார்லாவின் ஊறுகாய் ஜாடிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். லோரீன் மெல்ல, "மேல வீடு இருக்குமா டுவைட்?" என்றாள். வாடகை வீடுதானே என்று ஆறுதல் சொன்னேன்.

யாரோ கதவைத் தட்டினார்கள். தாழைத் திறந்தால் டார்லா, சர்ச் சாப்பாட்டுக்குப் பீச் பழ ஜாடி எடுக்க வந்தவள், மேலே வெளிச்சத்தில் நிற்கிறாள். லோரீன் ஹெல்மெட்டோடு அண்ணாந்து, "எல்லாம் போயிடுச்சா?" என்று கேட்டாள்.

"எது கண்ணு?"

"ஊரு."

டார்லா சிரிக்கவில்லை. அவள் வாயை எப்படி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள் என்பதை நான் பார்த்தேன், கராஜ் கதவின் ஸ்பிரிங் அறுந்துபோகிற நேரத்தில் அப்படித்தான் இருக்கும். "இது சனிக்கிழமைச் சைரன் கண்ணு. வாராவாரம் வேலை செய்யுதான்னு ஊதிப் பாப்பாங்க. எங்க ஊர்ல இதைக் கேட்டுட்டுத்தான் சாப்பிட உக்காருவோம்" என்றாள்.

டார்லா யாரிடமும் சொல்லியிருக்க மாட்டாள். ஹாய்ட் சொல்லியிருப்பார். திங்கட்கிழமை நான் கதவு பார்க்கப் போன முதல் வீட்டிலேயே, "ஊர் இன்னும் இருக்கு, பாத்துக்கோங்க" என்றார்கள். எனக்குப் பரவாயில்லை, சிரிக்கிறவன் பேரம் பேசுவதில்லை, இரண்டு வேலை கூடுதலாகவே கிடைத்தது. லோரீன்தான் சுருண்டுபோனாள். கடைக்குப் போகமாட்டாள், சர்ச்சுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பாள். பதினொரு பெட்டிகள் ஹேவர்டில் ஒட்டிய நாடாவோடு அப்படியே கிடந்தன, எதற்குப் பிரிக்க வேண்டும், நவம்பரில் மறுபடி ஒட்டத்தானே வேண்டும் என்றாள். ஆகஸ்டு போயிற்று, செப்டம்பர் போயிற்று. மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடித்தேன், சமையலறையில் அவள் பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே நிற்பதைப் பார்த்துக்கொண்டே. இவளை இங்கே கொண்டுவந்து தனியாக நிறுத்திவிட்டு, மிச்சம் பிடித்த பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். கூரைமேல் ஏறி மழைத் தண்ணீர்க் குழாயைச் சுத்தம் செய்தேன். எனக்குப் பதில் தெரியாதபோது நான் அப்படி ஏதாவது செய்வேன்.

அக்டோபர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, மாலை நாலு மணி, மறுபடி சைரன். இந்த ஊர்க்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சைரன் கேட்டால் ஒளியமாட்டார்கள், வாசலுக்கு வந்து மேற்கே பார்ப்பார்கள். தெருவே தோட்டத்தில் நின்றது. ஹாய்ட் நாற்காலி போட்டுக் காபிக் கோப்பையோடு உட்கார்ந்து, பேஸ்பால் ஆட்டம் பார்க்கிறவர் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானம் பழைய காயத்தின் நிறத்தில் இருந்தது. லோரீன் ஜன்னலுக்குப் பின்னால் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். போட்டுக்கொள்ளவில்லை. வெளியே போனால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அவள் சுவரிலிருந்த காலண்டரை ஒரு தரம் பார்த்தாள், இன்று சனிக்கிழமை இல்லை. அப்புறம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய் விசிலை ஊதினாள்.

"நாப்பது வருஷமா பாக்கறேன் கண்ணு, அது இன்னும் தூரத்துல இருக்கு" என்றார் ஹாய்ட்.

"உங்களுக்குப் பழக்கம், எனக்குப் பயம். இன்னிக்குப் பயப்படறவ சொல்றதைக் கேளுங்க. எந்திரிங்க."

அந்தக் குரல் தங்களுக்குத் தெரியும், தங்கள் அம்மாவின் குரல். ஒன்பது பேர் வரிசையாக நிலவறைக்குள் இறங்கினார்கள். ஹாய்ட் முணுமுணுத்துக்கொண்டே கோப்பையோடு இறங்கினார். கதவைச் சாத்தி நாலு நிமிஷம் இருக்கும், நூறு கராஜ் கதவுகளை ஒரே சமயத்தில் இழுத்து மூடுகிற மாதிரி ஒரு சத்தம் தலைக்கு மேலே போயிற்று. வெளியே வந்தபோது ஹாய்ட்டின் தகரக் கொட்டகை எங்கள் பீக்கன் மரத்தில் இருந்தது, எங்கள் ஜன்னல் இரண்டு இல்லை, ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அவருடைய நாற்காலி இன்றுவரை கிடைக்கவில்லை. அது இருந்த இடத்தை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "காபியைக் குடிச்சிட்டு வர்றேன்னு சொல்ல வாயெடுத்தேன் தம்பி" என்றார்.

மறுநாள் தெருவே சேர்ந்து குப்பை அள்ளியது. நான் ஏணிமேல் நின்று ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தேன். கீழே டார்லா எட்டுப் பத்துப் பேரோடு வந்து நின்று எங்கள் வாசலைப் பார்த்து, "லோரீன் வரலையா?" என்று குரல் கொடுத்தாள். நான் ஏணியிலிருந்து விழாததற்கு ஏணிதான் காரணம். லோரீன் உள்ளேயிருந்து, "வர்றேன்" என்றாள், வந்தாள், சாயங்காலம் வரை திரும்பவில்லை. திரும்பி வந்தவள் கை கூடக் கழுவாமல் கத்தியை எடுத்துப் பதினொரு பெட்டிகளின் நாடாவையும் கிழித்தாள். நான் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன், மச்சான். சந்தோஷத்தில் என் முகம் பார்க்க நன்றாயிருக்காது.

இப்போது தெருவில் பன்னிரண்டு பேர் ஹெல்மெட் வாங்கியிருக்கிறார்கள், ஹாய்ட் உட்பட. விசில் அடித்தால் எந்த வீடு முதலில் இறங்க வேண்டும் என்று லோரீன் பட்டியல் போட்டு நிலவறைக் கதவில் ஒட்டியிருக்கிறாள். அடுத்த வாரம் வான்கோழி விருந்து டார்லா வீட்டில், சர்க்கரைவள்ளிக் கிழங்கு எங்கள் பொறுப்பு. ஆகவே தங்கள் கேள்விக்கு என் பதில்: வாருங்கள். யோசிக்காமல் வாருங்கள். எங்கள் தெருவின் கடைசி வீடு காலியாக இருக்கிறது, வாடகையைச் சொன்னால் அழுதுவிடுவீர்கள். பெரிய லாரியாக எடுக்கவும், சோபாவை விட்டுவிட்டு வர வேண்டாம்.

தாங்களும் அக்காவும் நீண்ட ஆயுளோடும், ஏறாத வாடகையோடும், ஒழுகாத கூரையோடும் வாழக் கடவுள் அருளட்டும். கேஸி அன்பைச் சொல்லச் சொன்னாள், தொலைபேசியிலிருந்து தலையை எடுக்காமல்.

தங்கள் பணிவுள்ள மைத்துனன்,
டுவைட்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் லோரீன் இதை வாங்கி முழுக்கப் படித்துவிட்டாள். "அந்தக் கடைசி வீட்டுக்கு ஏற்கெனவே ஐம்பது டாலர் ஏத்திட்டாங்க. எல்லாம் இந்தக் கலிபோர்னியாக்காரங்க வந்து வந்துதான். அண்ணனை அங்கேயே இருக்கச் சொல்லு" என்கிறாள். ஆகவே மேலே "வாருங்கள்" என்று வருகிற இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும்.