முதுகு மாமா எடுத்த கல்யாணங்கள்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே இத்தனை வருஷங்களில் நடந்த கல்யாணங்களில், தாலி கட்டுவதைக் கண்ணால் பார்த்த மனிதர் ஒரே ஒருவர்தான். மற்ற எல்லோரும் பார்த்தது அவருடைய முதுகை.

சந்தேகம் இருந்தால் அடுத்த முகூர்த்தத்துக்கு எங்கள் பக்கம் ஏதாவது ஒரு மண்டபத்தில் முன்வரிசையில் போய் உட்காருங்கள். கெட்டிமேளம் கொட்டும். கையில் அட்சதையோடு எழுந்து நிற்பீர்கள். அந்த நேரம் பார்த்து அகலமான முதுகு ஒன்று வந்து மேடையை மறைக்கும். நீங்கள் வீசும் அட்சதை அதில் பட்டு உதிரும். அப்படிப் பார்த்தால் இந்த ஜில்லாவிலேயே அதிகமாக ஆசீர்வாதம் வாங்கிய ஆள் அவர்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கெல்லாம் அவர் முதுகு மாமா. பத்திரிகை அடிக்கும் வீடுகளிலேயே, "முதுகு மாமாவுக்குத் தேதி சொல்லியாச்சா?" என்றுதான் கேட்பார்கள். தனக்கு அந்தப் பெயர் இருப்பது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், சட்டையின் முதுகில் தன் போட்டோ ஸ்டுடியோ பெயரையும் போன் நம்பரையும் கொட்டை எழுத்தில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

"இன்னாண்ணே இது?" என்று கேட்டேன்.

"ஆயிரம் பேரு ஒரு மணி நேரம் அசையாம பாக்குற எடம் மாமா. அத சும்மா வுட முடியுமா?" என்றார்.

வயது வித்தியாசம் இல்லாமல் எல்லா ஆண்களையும் மாமா என்றே கூப்பிடுவார். விதிவிலக்கு இரண்டே பேர். தாலி கட்டுகிறவர் மாப்ள, கட்ட வைக்கிறவர் ஐயரே. இந்த இரண்டு பேரும் அவருடைய கண்ணசைவுக்கு அடங்கி நடக்க வேண்டும். "ஐயரே, பொக கேமராவுக்கு வருது, நெய்ய கம்மியா வுடுங்க." "ஐயரே, அந்த மந்திரத்த இன்னொரு வாட்டி சொல்லுங்க, மாப்ள கண்ண மூடிட்டாரு." நல்ல நேரம் முடியப்போகிறது என்று ஐயர் பதறினால், "நேரம் நாளைக்கும் வரும் ஐயரே, இந்த எக்ஸ்பிரஷன் வராது" என்பார். நவக்கிரகங்களுக்கும் பயப்படாத ஒரு மனிதரை நான் பார்த்தது அங்கேதான்.

பெரிய முகூர்த்த நாளில் திருவந்திபுரம் மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். திரும்பிய பக்கமெல்லாம் மணமக்கள். ஒரு ஜோடியின் முதுகில் இன்னொரு ஜோடி இடித்துக்கொண்டு நிற்கும். அந்தக் கூட்டத்தில் ஒருமுறை முதுகு மாமா வேறு யாருடைய கல்யாணத்தையோ எடுத்துவிட்டார். அந்த மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்து, பெண்ணின் தாடையைத் தூக்கி நிறுத்தி, அவளுடைய அப்பாவைக் கையைப் பிடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு, தாலி கட்டி முடிக்கும்வரை எடுத்தார். அவர்களும் வாயைத் திறக்கவில்லை. கேமரா வைத்திருப்பவர் சொன்னால் கேட்க வேண்டும் என்பது நம் மக்களின் ரத்தத்தில் ஊறிப்போன விஷயம். முடிந்த பிறகு திரும்பிப் பார்த்தால், அவரைக் கூலிக்கு அமர்த்திய வீட்டுக்காரர்கள் சற்றுத் தள்ளி, தாலியெல்லாம் கட்டி முடித்து, முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

வேறொருவராக இருந்தால் அப்படியே மலையிறங்கி ஓடியிருப்பார். இவர் நேராகப் போய், "மாப்ள, தாலிய புடி. முடிச்சு போடற மாதிரி கைய வெய்யி" என்றார்.

பெண்ணின் அப்பா கொதித்துப் போனார். "யோவ், ஒரு பொண்ணுக்கு ரெண்டு வாட்டி தாலி கட்டுவாங்களா?"

"மொத வாட்டி சாமிக்கு மாமா. இது ஆல்பத்துக்கு."

அந்த ஆல்பத்தை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது தடவை என்பதால் மாப்பிள்ளை கொஞ்சம் நிதானமாகவே இருக்கிறார்.

முகூர்த்தம் இல்லாத மாதங்களில் சிதம்பரம் கீழ வீதியில் ஒரு டீக்கடையில் அவரைப் பிடிக்கலாம். டீ கிளாஸ் கையில் இருந்தால் தம்பதிகளைப் பற்றிய தத்துவம் வரும். "லவ் பண்ணிக் கட்டிக்கிற ஜோடி மேடையில செல்போனப் பாக்கும் மாமா. ஊட்ல பாத்து வெச்ச ஜோடி ஒருத்தர ஒருத்தர் திருட்டுத்தனமா பாக்கும். லவ் பண்ணவங்களுக்குப் பாக்க வேண்டியதெல்லாம் பாத்தாச்சி, இன்னா பண்ணுவாங்க?"

பொருத்தம் பார்க்கவும் அவரிடம் ஒரு வழி இருந்தது. "ஜாதகம்லாம் எதுக்கு? மாலை மாத்தறப்போ பாருங்க. பொண்ணு முடியில மாலை மாட்டிக்கும், கண்டிப்பா மாட்டும். அத எடுத்து வுடுறவன் புருஷன். கேமராவப் பாத்து இளிச்சிக்கிட்டே நிக்கிறவன் வெறும் மாப்ள."

என் வாய் சும்மா இருக்கவில்லை. என் கல்யாணத்தையும் அவர்தான் எடுத்தார் என்பதால், "நம்ம கல்யாணத்துல எப்படிண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

"உங்க கல்யாணத்துல மாட்டிக்கிச்சி. எடுத்து வுட்டது நான்."

இதை நான் வீட்டில் வந்து சொல்லியிருக்கக் கூடாது. என் மனைவிக்கு அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

இவ்வளவையும் சொல்லி அவரைக் கிண்டல் செய்கிற எனக்கு, என் சித்தி மகள் அபியின் கல்யாணத்துக்கு வேறு போட்டோகிராபர் கிடைக்கவில்லையா என்று கேட்கலாம். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இவர்தான் வேண்டும் என்றாகிவிட்டது. அவர் எடுத்தால் எல்லோரும் சிவப்பாக வருவார்கள் என்று கடலூரில் ஒரு பேச்சு இருக்கிறது.

கல்யாணத்துக்கு முன்பே ஜோடியைப் பிச்சாவரத்துக்கு அழைத்துப்போய்ப் படகில் நிறுத்திப் படம் எடுத்தார். துணைக்கு நானும் போனேன். மாப்பிள்ளை ஓசூரில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். நீச்சல் தெரியாது. சுரபுன்னைக் காட்டுக்குள் போனதும், "மாப்ள, எழுந்து நின்னு ரெண்டு கையும் விரி. பொண்ணு பின்னாடி வந்து சாஞ்சிக்கும்" என்றார் முதுகு மாமா. மாப்பிள்ளை எழுந்தார். படகு ஆடியது. மாப்பிள்ளை ஓடிப்போய்ப் படகோட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். அன்று எடுத்ததிலேயே உயிரோட்டமான படம் அதுதான். அபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளையும் அசடு வழிய, "எனக்கு ரொம்ப பயம்ங்க" என்று அவளிடம் ஒப்புக்கொண்டார்.

கரைக்கு வந்ததும் முதுகு மாமா என்னிடம், "பையன் பரவால்ல. பயந்தத மறைக்கல. இது நிக்கிற கல்யாணம்" என்று தீர்ப்புச் சொன்னார். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

சிக்கல் மாப்பிள்ளையிடம் இல்லை, எங்களிடம் இருந்தது. அபி பள்ளிக்கூடம் படிக்கும்போதே சித்தப்பா போய்விட்டார். கீரப்பாளையத்தில் தையல் மெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு ஊர் ஜாக்கெட்டெல்லாம் தைத்து அவளை லேப் டெக்னீஷியன் படிக்க வைத்தவர் என் சித்தி. இப்போது தாலி கட்டும் நேரத்தில் சித்தி மேடையில் நிற்கக் கூடாது என்று அபியின் பெரியப்பா, அதாவது சித்தப்பாவின் அண்ணன், சொல்லிவிட்டார். புருஷன் இல்லாதவள் முன்னால் நின்றால் ஆகாதாம். முதல் நாள் ரிசப்ஷனில் அபி புகை மெஷினுக்கு நடுவே சினிமாப் பாட்டுக்கு ஆடிக்கொண்டு வந்தபோது விசில் அடித்தவர் இதே பெரியப்பாதான். விடிந்ததும் சம்பிரதாயத்துக்குக் காவல்காரர் ஆகிவிட்டார்.

அம்மா இல்லாமல் மணையில் உட்கார மாட்டேன் என்று அபி வீட்டிலேயே சண்டை போட்டாள். சித்திதான் அவளைத் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வைத்து அடக்கினார். என்னிடம், "நாளைக்கு அதுக்கு ஒரு தலவலி வந்தாகூட, நான் நின்னதாலதான்னு சொல்லுவாங்க தம்பி. எனக்கு எதுக்கு அந்தப் பேரு?" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முகூர்த்த நேரம். அபி மணையில் உட்கார்ந்திருக்கிறாள். குனிந்த தலை நிமிரவில்லை. கண்ணில் தண்ணீர் கட்டி நிற்கிறது. முதுகு மாமா, "பொண்ணு, இங்க பாரும்மா" என்று கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் மேடையிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார்.

"இன்னா மாமா, பொண்ணு அழுவுது? இந்த மாப்ளைக்கா அழுவுது?"

"மாப்பிள்ளைக்கு இல்லண்ணே. அம்மாவுக்கு."

"அவுங்க எங்க?"

"ஸ்டோர் ரூம்ல தாம்பூலப் பை போட்டுட்டு இருக்காங்க. மேடைக்கு வரக் கூடாதுன்னு பெரியப்பா சொல்லிட்டாரு."

அவர் கேமராவிலிருந்து பேட்டரியைக் கழற்றினார். அதையே திரும்பப் போட்டார். பிறகு மேடையேறி, "நிறுத்துங்க!" என்று போட்ட சத்தத்தில் நாதஸ்வரமே நின்றுவிட்டது.

"இந்த லைட்டுல எடுத்தா பொண்ணு மாப்ள ரெண்டு பேரும் கறுப்பாத்தான் வருவாங்க. அப்பறம் என்னைய கேக்கக் கூடாது."

மாப்பிள்ளையின் அம்மா பதறி எழுந்தார். "ஐயையோ, கறுப்பாவா? இன்னா வேணும்னு சொல்லுங்க!"

முதுகு மாமா தன் பையிலிருந்து வட்டமான ஒரு தட்டியை எடுத்து விரித்தார். ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் கறுப்பு. வெளிச்சத்தை முகத்தில் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டர். "இத ஒருத்தர் பொண்ணு பக்கத்துல புடிக்கணும். என் ஆளுங்க எல்லாம் வீடியோவுல இருக்காங்க."

பெரியப்பா உடனே தன் மகனை முன்னால் தள்ளிவிட்டார்.

"இவரு ஒசரம் ஜாஸ்தி. கண்ணுக்குக் கீழ நெழல் வுழும்."

பெரியம்மா பட்டுப்புடவை சரசரக்க முன்னால் வந்தார்.

"ஜரிக டால் அடிக்கும்மா. பட்டு கட்டினவங்க யாரும் வேணாம். ஜரிக இல்லாத பொடவ, அளவான ஒசரம். அப்படி யாரு இருக்கா?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மண்டபத்தில் ஜரிகை இல்லாத புடவை கட்டியிருந்தவர் ஒரே ஒருவர்தான். நான் ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன்.

சித்தி தாம்பூலப் பையும் கையுமாக வாசற்படியோடு நின்றுவிட்டார். பெரியப்பா குறுக்கே வந்தார். "அது... அவ எப்படிப்பா மேடைக்கு?"

"மேடைக்கு அவுங்க வரல மாமா, தட்டி வருது. அதுக்கு ஒரு கை வேணும். அவ்ளோதான்."

பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளையின் அம்மா, "நேரம் ஆவுது சம்பந்தி! வந்து புடிக்கட்டும், போட்டோ நல்லா வர வேணாமா?" என்று அதட்டினார். அதோடு முடிந்தது. தலைமுறை தலைமுறையாக யார் பேச்சுக்கும் அசையாத சம்பிரதாயம், ஆல்பம் என்றதும் ஓரமாக நகர்ந்து வழி விட்டது. புரட்சி செய்ய நினைப்பவர்கள் கையில் ஒரு கேமராவோடு போவது நல்லது.

"வாங்க எக்கா" என்றார் முதுகு மாமா. "இன்னும் கிட்ட. இன்னும் கிட்ட வாங்க. பெரியப்பா மாமா, நீங்க தள்ளுங்க, நெழல் அடிக்குது." கிட்டே, கிட்டே என்று சொல்லியே சித்தியை மகளின் தோளை உரசும் இடத்துக்குக் கொண்டு வந்துவிட்டார். "இப்ப பொண்ணு, கேமராவ வுடு. தட்டியப் பாரும்மா."

அபி நிமிர்ந்தாள். பார்த்தாள். கெட்டிமேளம் கொட்டியது.

"எக்கா, ஒரு கையில புடிச்சிக்கிட்டு இன்னொரு கையால அட்சத போடுங்க. ஃபிரேம்ல கை சும்மா தொங்குது!" என்று அந்தச் சத்தத்திலும் அவர் கத்தியது கேட்டது. சித்தி போட்டார். மேடையில் நடந்த மற்றது எதையும் நான் பார்க்கவில்லை. வழக்கம்போல அவருடைய முதுகு மறைத்துக்கொண்டது.

ஆல்பம் வந்த பிறகு கீரப்பாளையம் போனேன். சித்தி நேராகத் தாலி கட்டும் பக்கத்தைத் திறந்து என் மடியில் வைத்தார். "பொண்ணு மூஞ்சியில வெளிச்சம் எப்படி வுழுந்திருக்கு பாரு தம்பி. நான் புடிச்சது."

பார்த்தேன். மாப்பிள்ளை குனிந்து முடிச்சுப் போடுகிறார். அபி அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறாள். சித்தி ஒரு கையில் தட்டியைப் பிடித்திருக்கிறார், பக்கம் மாற்றி. கறுப்புப் பக்கம் பெண்ணைப் பார்த்திருக்கிறது. வெள்ளிப் பக்கம் சித்தியைப் பார்த்திருக்கிறது. மேடை விளக்குகளின் வெளிச்சம் அவ்வளவும் அதில் பட்டுச் சித்தியின் முகத்தில் விழுந்திருந்தது. அந்தப் படத்தில் இருந்தவர்களிலேயே பளிச்சென்று இருந்தது அவர்தான்.

"சூப்பரா புடிச்சிருக்கீங்க சித்தி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து முதுகு மாமாவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, சித்தி தட்டியத் திருப்பிப் புடிச்சிருக்காங்க. நீங்க பாக்கலியா?"

"பாக்காம இன்னா? மொத கிளிக்லயே பாத்துட்டேன்."

"ஐயரையே அந்த அதட்டு அதட்டுறீங்க. இத ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா திருப்பிடுவாங்களே மாமா" என்றார்.

அவரை வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்தே பழகிய நான், "சாப்டீங்களாண்ணே?" என்று மட்டும் கேட்டேன்.