மாடியில் இருப்பது சமையலறை அல்ல

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உங்கள் மகள் நேற்று உங்களிடம் தொலைபேசியில் பேசியதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்ட பிறகு, அந்த வாக்கியத்தை நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று தோன்றியது. ஆகவே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். தங்கள் முழங்கால் வலி குறைந்து, மரக்கடை வியாபாரம் கூடியிருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இரண்டும் இடம் மாறிவிடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை கடை வண்டியை எடுத்துக்கொண்டு வந்து, மகளையும் நீங்கள் செய்துகொடுத்த அலமாரிகளையும் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னீர்களாம். எதை முதலில் ஏற்றுவதானாலும், அதற்கு முன் இந்தக் கடிதத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

கல்யாணப் பேச்சின்போது, "உங்க பொண்ணுக்கு மாடியில தனிச் சமையலறைங்க" என்று நான் சொன்னதை மறந்துவிடவில்லை. நீங்கள் உடனே, "அப்ப அலமாரி என் பொறுப்பு" என்றீர்கள். சொன்னபடியே நல்ல தேக்கில் இழைத்து, நீங்களே ஏணியில் ஏறி மாட்டிவிட்டுப் போனீர்கள். அன்றிலிருந்து மேலே ஓர் அடுப்பு, கீழே ஓர் அடுப்பு, இடையில் ஒரு கான்கிரீட் தளம் என்று எங்கள் குடும்பம் மிகவும் ஒற்றுமையாக இருந்து வந்தது.

போன மாதம் சொத்து வரி நோட்டீஸ் வந்தது. வழக்கமான தொகையைப் போல இரண்டு மடங்கு. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன், துடைத்ததால் இன்னும் தெளிவாகத் தெரிந்ததே தவிர குறையவில்லை. வரி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டபோது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த இளைஞர், "மாடியில தனிச் சமையலறை இருக்குல்ல சார்? அடுப்பு ரெண்டுன்னா வீடு ரெண்டு" என்றார். "எல்லாரும் ஒரே குடும்பம்தாங்க" என்றேன். "ஒரே குடும்பம்னா எதுக்கு சார் ரெண்டு அடுப்பு?" என்று கேட்டார். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று ஊகித்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

நூலகராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவனின் ஓய்வூதியம் எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும், பெண் கொடுப்பதற்கு முன் விசாரித்திருப்பீர்கள். அன்று மாலை எந்தச் செலவைக் குறைக்கலாம் என்று நால்வரும் கூடிப் பேசினோம். ஒவ்வொருவரும் மற்றவர் செலவில் மிகுந்த சிக்கனத்தைக் காட்டினோம். என் மனைவி மகனின் வண்டித் தவணையைப் பற்றிப் பேச, மகன் என் பத்திரிகைச் சந்தாக்களைப் பற்றிப் பேச, நான் பொதுவாக மின்விசிறிகளைப் பற்றிப் பேச, கடைசியில் மகன் தட்டை நகர்த்திவிட்டு, "எங்களாலதானே இந்த வரி? நாங்க வேற எங்கயாவது வாடகைக்குப் போயிடறோம்பா" என்றான். என் மனைவி எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவ ஒன்றும் இல்லாமல் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான், சம்பந்தி, நான் அந்த யோசனையைச் சொன்னேன். மறு ஆய்வுக்கு மனுப் போடுவது, ஆய்வாளர் வந்து போகும்வரை மாடிச் சமையலறையை நூலகமாக வைத்திருப்பது.

மாடி அடுப்பு கட்டிலுக்கு அடியில் போனது. என் புத்தகங்கள் உங்கள் அலமாரிகளுக்கு ஏறின. டப்பாக்களுக்கென்று நீங்கள் தடுத்துக்கொடுத்த சின்ன அறைகளில் கையடக்கப் பதிப்புகள் அளவெடுத்தாற்போல் பொருந்தின என்பதை, ஒரு கலைஞருக்குச் சொல்ல வேண்டிய பாராட்டாகவே சொல்கிறேன். ஆனால் ஆய்வாளர் என்றைக்கு வருவார் என்று கேட்டதற்கு, "இந்த வாரத்துல வருவாரு" என்றுதான் அலுவலகத்தில் சொன்னார்கள். அந்த வாரம் முழுக்க இரண்டு பெண்களும் கீழே ஒரே சமையலறையில் நின்றார்கள். முதல் நாள் இருவரும் உப்புப் போட்டார்கள். மறுநாள் மற்றவர் போட்டிருப்பார் என்ற மரியாதையில் இருவரும் போடவில்லை. அதற்கு அடுத்த நாள் உங்கள் மகள், "உப்பு போட்டுட்டீங்களா அத்தை?" என்று கேட்டாள். "ஏன், என் சமையல் மேல சந்தேகமா?" என்றாள் என் மனைவி. "சந்தேகம் இல்ல அத்தை, நேத்து சாப்பிட்டேன்ல, அதான்." அன்றே சமையல் பிரிந்தது. ஒரே அடுப்பின் இரண்டு பக்கமும் இரண்டு பாத்திரங்கள் தனித்தனியாகக் கொதித்தன. நானும் மகனும் இரண்டிலிருந்தும் சம அளவு பரிமாறிக்கொண்டு, இரண்டையும் சம அளவு புகழ்ந்து சாப்பிட்டதில் எனக்கு அஜீரணம், அவனுக்குப் பேச்சுத்திறமை.

ஆய்வாளர் வந்தார். ஒல்லியானவர், அளவு நாடாவைவிடக் குறைவாகப் பேசுபவர். மாடியைச் சுற்றிப் பார்த்தார்.

"நூலகத்துல எதுக்குங்க சிங்க்?"

"கை கழுவிட்டுத்தான் புத்தகத்தைத் தொடுவேன் சார். தொழில்ல வந்த பழக்கம்."

"சுவத்துல கேஸ் குழாய் வர்ற ஓட்டை?"

"புத்தகத்துக்குக் காத்து வேணும் சார்."

"மேல புகைபோக்கி?"

"சில புத்தகங்களுக்குக் கொஞ்சம் அதிகமா வேணும்."

அவர் சிரிக்கவில்லை. கீழே வந்தார். முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த உங்கள் மகளிடம், "இன்னிக்கு என்னம்மா சமையல்?" என்று சாதாரணமாகக் கேட்டார். "உருளைக்கிழங்கு சார்." பிறகு உள்ளே போய் என் மனைவியிடமும் அதையே கேட்டார். "முட்டைக்கோஸ். வேற யாரு என்ன சொன்னாலும் இந்த வீட்டுல இன்னிக்கு முட்டைக்கோஸ்தான்."

ஆய்வாளர் பேனாவை மூடினார். "அடுப்பு ஒண்ணுதான் சார். ஒத்துக்கறேன். ஆனா வீடு ரெண்டு." இருந்தாலும் நல்ல மனிதர். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, இரு தரப்புக்கும் வேண்டிய உறவினர் ஒருவர், இது ஒரே குடும்பம், மாடியில் சமையலறை கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் மறுபடி பரிசீலிக்கலாம் என்றார்.

இரு தரப்புக்கும் வேண்டியவர் உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? அந்த அலமாரிகள் ஆதியிலிருந்தே புத்தகம் வைப்பதற்காக உங்கள் கையால் செய்யப்பட்டவை என்றும், உங்கள் மகள் மாமியாரோடு ஒரே சமையலறையில் மனநிறைவோடு சமைத்து வருகிறாள் என்றும் நான்கு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால், வரி பழையபடி குறையும், பிள்ளைகள் வாடகை வீடு தேடமாட்டார்கள், என் மனைவியும் காலிப் பாத்திரத் தொட்டியின் முன்னால் நிற்கமாட்டாள். "அப்பா, என் சமையலறைய மாமா லைப்ரரி ஆக்கிட்டார்" என்று உங்கள் மகள் சொன்னது முழுக்க உண்மைதான். அந்த உண்மை வரி அலுவலகத்துக்கு எட்டாமல் காப்பது உங்கள் கையில் இருக்கிறது.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் வணக்கம். தங்கள் இளைய மகனுக்கு ஆசிகள், அவன் கட்டும் வீட்டில் ஒரே ஒரு அடுப்பு போதும் என்று சொல்லிவையுங்கள். பிறகு அவனுக்குப் பெண் தேடும் சிரமம் உங்களுடையது.

என்றும் தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியவற்றைத் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். கையெழுத்து எதுவும் போட வேண்டாம். உறையில் இடுவதற்கு முன், தகவல் பிழை இருக்கக் கூடாதே என்று கடிதத்தை வீட்டில் உரக்கப் படித்தேன். "மனநிறைவோடு சமைத்து வருகிறாள்" என்ற இடம் வந்ததும் என் மனைவியும் உங்கள் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் ஒரே குரலில், "ரெண்டு மடங்கையும் கட்டிடுங்க" என்றார்கள். கல்யாணமான நாளிலிருந்து இவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. ஆய்வாளர் தேடிய ஒரே குடும்பம் கடைசியில் எங்கள் கூடத்தில் வந்து நின்றது. ஆனால் அவரிடம் காட்டினால் மாடி அடுப்பு போய்விடும், அடுப்பு போனால் அந்தக் குடும்பமும் போய்விடும். ஆகவே வரி கட்டப் போகிறேன். மகன் வாடகை வீட்டுப் பேச்சை விட்டுவிட்டான். பணத்துக்கான வழியையும் பெண்கள் இருவருமே, என்னைக் கலந்துகொள்ளாமல், அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிட்டார்கள். கீழே நான் படுத்துறங்கும் என் படிப்பறையை வாடகைக்கு விடுகிறார்கள். புத்தகங்கள் மாடிப்படிக்கு அடியில், அவற்றைத் தொட்டடுத்து என் கட்டில். ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டாம், திருப்புளியோடு வாருங்கள், அலமாரிக் கீல்கள் எடை தாங்காமல் தொய்ந்திருக்கின்றன. அப்படியே, தெரிந்த இடத்தில் தனி ஆளாக யாராவது அறை தேடினால் சொல்லுங்கள். வாடகை நியாயமானது. ஒரே ஒரு நிபந்தனை: வருகிறவருக்குச் சமைக்கத் தெரிந்திருக்கக் கூடாது. மூன்றாவது வீட்டுக்கு வரி கட்ட என்னிடம் வேறு அறை இல்லை.