ஆள்காட்டி விரலால் அண்ணாச்சியின் வண்டியைத் தூக்கிய கதை

சிலர் யோசிக்கும்போது நகத்தைக் கடிப்பார்கள். சிலர் பேனா மூடியைச் சப்புவார்கள். எங்கள் அப்பா மூக்கு நுனியைத் திருகுவார். நான் யோசித்தால் வலது கை தானாக உயரும், ஆள்காட்டி விரல் வானத்தைப் பார்த்து வட்டம் போடும். (விரல் சுற்றவில்லையென்றால் நான் யோசிக்கவில்லை, சும்மா தலையாட்டுகிறேன் என்று அர்த்தம்.) இதைக் கெட்ட பழக்கம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் மூளை எப்போதும் நன்றாகத்தான் வேலை செய்யும். அந்த ஒரு நாள் மட்டும் அது வேலை செய்த இடம் சரியில்லை.

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிகளுக்குச் சரக்கு ஏற்றி அனுப்பும் ஒரு அண்ணாச்சியிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அன்று ட்ரெயினிங்கின் கடைசி நாள். தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஸ்ரீவைகுண்டத்துக்குத் திரும்பி, அப்பாவின் பாத்திரக் கடையில் குடத்துக்குப் பெயர் வெட்ட வேண்டும். அதற்குப் பதில் கடலிலேயே குதித்துவிடலாம் என்று நினைக்கிற வயது.

அண்ணாச்சி அன்றைக்குத்தான் புது ஸ்கூட்டருக்குக் கோயிலில் பூஜை போட்டு, மாலையும் சந்தனமுமாக ஓட்டிவந்தார். புது டயரில் கரித்தூள் படக் கூடாதென்று, சரக்குத் தூக்க விரித்திருந்த கயிற்று வலையின் நடுவில் நிறுத்தினார். வலையின் நான்கு மூலையும் ஏற்கெனவே கிரேன் கொக்கியில் மாட்டியிருந்தது. கீழே நின்று கிரேனுக்குச் சைகை காட்டும் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் நிற்கிற இடத்தில், அவர் போடுகிற அதே ஆரஞ்சுச் சட்டையில் நான் நின்றேன்.

“ஏளா, சிமெண்ட் மூடைய மேல வைக்கணுமா, வெங்காயத்த மேல வைக்கணுமா? நல்லா யோசிச்சுச் சொல்லு. இதுலதான் ஒன் வேல இருக்கு” என்றார் அண்ணாச்சி.

நன்றாகவே யோசித்தேன்.

கிரேன் பாஷையில் விரலை மேலே காட்டிச் சுற்றினால் ‘தூக்கு’ என்று அர்த்தமாம். (ட்ரெயினிங்கில் சொன்னார்கள். அப்போது நான் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தேன்.) கிரேன் கேபினில் இருந்த முத்துராஜுக்குச் சந்தேகமே வரவில்லை. தீவுக்குப் போகிற தோணியில் ஜல்லி போகும், ஆடு போகும், ஸ்கூட்டரும் போகும். தூக்கிவிட்டார்.

“ஐயோ, என் வண்டி! ஏலே முத்துராஜு, நிறுத்துலே!”

இன்ஜின் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது?

“ஏளா, ஏதாச்சும் செய்யேன்!” என்று என் பக்கம் திரும்பினார் அண்ணாச்சி.

என்ன செய்யலாமென்று யோசித்தேன். விரல் இன்னும் வேகமாகச் சுற்றியது. வண்டியும் இன்னும் வேகமாக ஏறியது. மாலை அறுந்து கடலில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

“வெங்காயத்தத்தான் மேல வைக்கணும் அண்ணாச்சி! காத்துப் படலேன்னா அழுகிரும்!”

“மேல என் வண்டில்லா நிக்கு!”

டீ குடிக்கப் போன அண்ணன் டம்ளரோடு ஓடிவந்து, முதலில் என் விரலைப் பிடித்து மடக்கினார், பிறகு வண்டியை இறக்கினார். வண்டியில் ஒரு கீறல் இல்லை. அண்ணாச்சி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எனக்கோ காதுக்குள் குடத்தில் பெயர் வெட்டுகிற சத்தம் ‘டொக் டொக்’கென்று கேட்க ஆரம்பித்துவிட்டது.

“பதில் சரிதான். நாளைலேருந்து ஆபீசுக்குள்ள உக்காரு. ஜன்னல் பக்கம் மட்டும் வேண்டாம் தாயி” என்றார் அண்ணாச்சி.

தப்பு யாருடையது என்று நானும் முத்துராஜும் மாதக்கணக்கில் சண்டை போட்டோம். “நீங்க காட்டுனீங்க, நான் தூக்குனேன்” என்பார். “கண்ணு தெரியாதா?” என்பேன். அந்தச் சண்டை முற்றித்தான் அவர் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார். “ஏளா, மாப்பிளையப் பிடிச்சிருக்கா?” என்று அப்பா மூக்கைத் திருகிக்கொண்டே கேட்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பதில் எனக்கு முன்பே தெரியும். இருந்தாலும் கொஞ்சம் யோசிப்பதுபோல் காட்ட வேண்டாமா? யோசித்தேன். எதிரே கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்த முத்துராஜ், தட்டோடு எழுந்து நின்றார்.

இன்றும் ராத்திரிக்குத் தோசையா சப்பாத்தியா என்று நான் யோசிக்கத் தொடங்கினால், “அப்பா, எந்திரிங்க, அம்மா தூக்கச் சொல்லுதா” என்கிறாள் மகள். அண்ணாச்சியும் அவ்வப்போது வீட்டுக்கு வருவார். ஸ்கூட்டரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, நடந்துதான் வருவார்.